பாக்கெட்டுக்குள் போனைத் தட்டுவது யார்? பாக்கெட் மோட், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

“டிஸ்ப்ளே மாத்தினதுல இருந்து பாக்கெட்ல வெச்சாலே டார்ச் எரியுது, கேமரா திறக்குது. பாக்கெட் மோட் ஆன்லதான் இருக்கு. என்னடா இது?” நண்பர் ஒருவரின் கேள்வி. பாக்கெட்டுக்குள் தற்செயலான தொடுகையைத் தடுக்கும் செட்டிங்தான் பாக்கெட் மோட். மோட் ஆனில்தான் இருக்கும். அது நம்பியிருக்கும் சென்சாருக்குத்தான் கண் போயிருக்கும்.

டச் ஸ்கிரீனுக்கு அழுத்தம் தேவையில்லை. விரல் அருகில் வந்ததும் மின்புலம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கும். பாக்கெட்டின் உள்துணி மெல்லியது. அதற்கு அந்தப் பக்கம் தொடை. துணி உலர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வியர்வையில் நனைந்துவிட்டால் துணியே விரல் போல வேலை செய்யும். போனை வெளியே எடுத்ததும் ‘30 விநாடி கழித்து முயலவும்’ என்று நின்றால், உங்கள் தொடை ஐந்து முறை தப்பான பின் நம்பர் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கான தடுப்பு எளிமையானது. இயர்பீஸ் பக்கத்தில் இருக்கும் ப்ராக்சிமிட்டி சென்சார் அகச்சிவப்பு ஒளியை விட்டு, அது பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கிறது. சில சென்டிமீட்டருக்குள் ஏதாவது இருந்தால் தொடுகையை ஏற்காதே என்கிறது. சாம்சங்கில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ஆக்சிடென்டல் டச் புரொடெக்‌ஷன்’, ஷாவ்மியில் ‘பாக்கெட் மோட்’. பெயர்தான் வேறு. ஒழுங்காக வேலை செய்யும்போது இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு செட்டிங்குக்குக் கிடையாது.

ஆனால் சட்டைப் பையில் இது தோற்கிறது. இன்றைய போன்கள் 16 சென்டிமீட்டர் உயரம். சட்டைப் பையின் ஆழம் அதைவிடக் குறைவு. போனை நேராக வைத்தால் மேல்விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும். சென்சார் இருப்பதும் அங்கேதான். அதன் கணக்கில் போன் திறந்தவெளியில் இருக்கிறது. கீழே முக்கால் திரை நெஞ்சோடு ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. தலைகீழாக வையுங்கள். சென்சார் பையின் அடியில் போய்விடும், தொல்லை அன்றே குறையும். காசு செலவில்லாத வைத்தியம். பேன்ட் பாக்கெட்டுக்கு இது தேவையில்லை, அங்கே போன் முழுசாக மூடிக்கொள்ளும்.

இனி டிஸ்ப்ளே மாற்றிய கதை. பல மாடல்களில் சென்சாரின் ஒளி விடும் கண்ணுக்கும் வாங்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் உறை உண்டு. பழைய டிஸ்ப்ளேயைக் கழற்றும்போது அது அதோடே போய்விடும். அது இல்லாமல் மூடினால் ஒளி கண்ணாடியின் உட்புறத்திலேயே பட்டுத் திரும்பும். போன் எப்போதும் பாக்கெட்டில் இருப்பதாகவே நினைக்கும். கையில் வைத்திருக்கும்போதே ‘மேற்பகுதியை மூடாதீர்கள்’ என்று எச்சரிக்கை வரும், கால் பேசும்போது திரை கறுப்பாகவே கிடக்கும். கறுப்பு விளிம்பு கொண்ட டெம்பர்ட் கிளாஸ் சென்சாரை மறைத்தாலும் இதே கூத்துதான். மாறாக, சென்சாரை இணைக்கும் மெல்லிய பட்டை வயர் (ஃப்ளெக்ஸ்) சரியாக உட்காரவில்லை என்றால் எதுவும் அருகில் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நண்பருடையது இந்த வகை.

சர்வீஸ் கடையில் நின்றபடியே சோதிக்கலாம். பெரும்பாலான சாம்சங் மாடல்களில் டயலரில் *#0*# அடித்து சென்சார் பகுதிக்குப் போய் மேல்விளிம்பில் கை வைத்தால் திரை பச்சையாகி அதிரும். ஷாவ்மியில் *#*#6484#*#*. கோட் எதுவும் வேண்டாம் என்றால் ஸ்பீக்கர், புளூடூத் இல்லாமல் ஒரு கால் போட்டு மேல்விளிம்பைக் கையால் மூடுங்கள். திரை அணைய வேண்டும், எடுத்ததும் எரிய வேண்டும். இது நடக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சில போன்களில் இந்தச் சென்சாரே கிடையாது. இயர்பீஸில் இருந்து காதுக்குக் கேட்காத மீயொலி அனுப்பி, மைக்கில் எதிரொலி கேட்டு ஊகிக்கும் ‘விர்ச்சுவல்’ ஏற்பாடுதான் இருக்கும். மிச்சம் பிடிக்க இதுவா கிடைத்தது?

சென்சார் நன்றாக இருந்தாலும் சில செட்டிங்ஸ் பின்னால் இருந்து குழி பறிக்கும். முதல் குற்றவாளி, தட்டினால் திரை எரியும் ‘டபுள் டேப்’. அதை அணைத்தாலே பாதித் தொல்லை தீரும். அடுத்தது ‘டச் சென்சிடிவிட்டி’. ஸ்கிரீன் கார்டுக்காகக் கூட்டி வைப்பது அது; கூட்டினால் துணிக்குப் பின்னால் இருக்கும் தொடையும் நன்றாகத் தெரியும். ஆண்ட்ராய்டின் ‘ஆன் பாடி டிடெக்‌ஷன்’ நாம் நடக்கும்வரை போனைத் திறந்தே வைத்திருக்கும். பாக்கெட் போனுக்கு அது நேர் எதிரி. ஐபோனில் பாக்கெட் மோட் என்று தனியாக இல்லை. தூக்கினால் திரை எரியும் ‘ரைஸ் டு வேக்’, தட்டினால் எரியும் ‘டேப் டு வேக்’ இரண்டையும் அணைத்துவிட்டு, ஐஓஎஸ் 18 முதல் லாக் ஸ்கிரீனில் இருந்து டார்ச் பட்டனையும் எடுத்துவிடலாம்.

பவர் பட்டனை எந்தச் சென்சாரும் காப்பாற்றாது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி வந்தது. 2023 ஜூனில் பிரிட்டன் காவல்துறை, அங்குள்ள அவசர உதவி எண்ணான 999-க்குப் பேச்சில்லாத அழைப்புகள் குவிவதற்கு இதுவும் காரணம் என்றது. இறுக்கமான பாக்கெட் என்றால் எமர்ஜென்சி செட்டிங்ஸில் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புளூடூத் இயர்பட்ஸில் பேசியபடி போனைப் பாக்கெட்டில் போடுபவர்கள் வேறொன்றும் கவனிக்க வேண்டும். ஒலி புளூடூத்துக்குப் போனதும் ப்ராக்சிமிட்டி திரையை அணைக்காது. மியூட், ஹோல்ட், கட் எல்லாம் தொடையின் கையில். பவர் பட்டனால் திரையை அணைத்துவிட்டுப் போடுங்கள். ஆக்சசிபிலிட்டியில் ‘பவர் பட்டன் அழுத்தினால் கால் கட்’ ஆனில் இருந்தால் அதற்கு முன் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பாக்கெட் மோட் வசதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் நண்பருக்குச் சொன்னது, ஒரு ஃப்ளிப் கவர் வாங்கு என்றுதான். பழைய நோக்கியாவில் மெனு, ஸ்டார் என இரண்டு பட்டன், பூட்டியது பூட்டியதுதான்.