தனுஷ்கோடி ரயில் நிலையம்: இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 18 கி.மீ. பேருந்து உண்டு, ஆட்டோவும் கிடைக்கும். ஆட்டோ பேசும்போதே பழைய ஊரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நேரே நிலம் முடியும் அரிச்சல்முனைக்குக் கொண்டுபோய்த் திருப்பிவிடுவார்கள். மாலைக்குப் பிறகு வண்டிகளை உள்ளே விடுவதில்லை. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்வதே நல்லது. நிழல் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பலர் தேவாலயத்தைப் படம்பிடித்துவிட்டு, ஸ்டேஷனைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஸ்டேஷனில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்: சில சுவர்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள். 1914 முதல், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலின் பயணிகள் இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறிய ஊர் இது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் மீட்டர்கேஜ் பாதை போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு கடலுக்குப் போனது. பாதையை மறுபடி போடவே இல்லை.

ஊரின் பழைய சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பவளக்கல், தேன்கூடு போலத் துளைத்துளையாக இருக்கும். நடுவிலுள்ள சுண்ணாம்புக் காரை உப்பேறி, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. தயவுசெய்து சாயாதீர்கள், ஏறாதீர்கள். உங்கள் தலையில் விழும் என்பது ஒருபுறம், போன கல்லைத் திரும்ப வைக்க ஆளில்லை.

செருப்பு மணலில் புதையும், ஷூ நல்லது. தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடாவை இங்கே அப்படிச் சொல்வார்கள்), இழுப்பு அதிகம். குளிக்க இறங்க வேண்டாம். தகவல் பலகைகள் போதாது, அதுதான் பெரிய குறை.