கிளமாத் அணைகள்: மீன் ஏணியா, இடிப்பு ஒப்பந்தமா? ஒரு கவுண்டியின் கணக்கு

2010 நவம்பரில் அமெரிக்காவில், வட கலிஃபோர்னியாவின் சிஸ்கியூ கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்களிடம், கிளமாத் ஆற்றின் நீர்மின் அணைகளை இடிக்கலாமா என்று வாக்கெடுப்பில் கேட்டார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அது கருத்தறியும் வாக்கெடுப்புதான், யாரையும் கட்டுப்படுத்தாது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஹம்போல்ட் கவுண்டியோ அதே ஆண்டு இடிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. சிஸ்கியூவுக்கு அணை என்றால் சொத்துவரி. கீழே இருப்பவர்களுக்கு அணை என்றால், கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிட முடியாத சால்மன் மீன். 2002இல் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்ததை அவர்கள் மறக்கவில்லை.

பேச்சில் இருந்தவை நான்கு அணைகள். ஜே.சி. பாயில் ஆரிகன் மாநிலத்தில். காப்கோவின் இரண்டு அணைகளும் அயன் கேட்டும் சிஸ்கியூவில். உரிமையாளர் பசிஃபிகார்ப் மின் நிறுவனம். அணைகளை இயக்கும் 50 ஆண்டு உரிமம் 2006இல் முடிந்ததும் இரண்டு வழிகள் இருந்தன.

உரிமத்தைப் புதுப்பிப்பது

கவுண்டி விரும்பிய வழி இது. வரி தொடரும், காப்கோ ஏரிக்கரை வீடுகளின் மதிப்பு நிற்கும், காட்டுத்தீ வந்தால் ஹெலிகாப்டர் மொண்டுகொள்ள நீர் பக்கத்திலேயே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் ஏறிப் போக வழி செய்தே ஆகவேண்டும் என்று கூட்டாட்சி மீன்வள அமைப்புகள் நிபந்தனை வைத்தன. நிறுவனம் எதிர்த்து வாதாடிப் பார்த்தது. 2006 விசாரணையில் பெரும்பாலும் தோற்றது. மீன்கள் அணையைத் தாண்டிப் படிப்படியாக ஏற உதவும் மீன் ஏணிகளுக்கும் மற்ற வேலைகளுக்கும் 40 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்ற மதிப்பீடு வந்தது. அதையெல்லாம் செய்தால் அணைகள் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் நட்டத்தில் ஓடும் என்று கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமே கணக்குப் போட்டது. செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. கட்டண ரசீதில் மக்கள் தலையில்தான் விழும். கோடைதோறும் அயன் கேட்டிலும் காப்கோவிலும் பரவும் நச்சுப் பாசிக்கு மீன் ஏணி என்ன செய்யும்? இதற்குப் பதிலைக் கவுண்டியின் வாதங்களில் தேடவேண்டியிருக்கிறது.

இடிப்பு ஒப்பந்தம்

2010இல் கையெழுத்தானது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றாததால் 2016இல் திருத்தி, ஆணையத்தின் வழியாகவே நடத்தும்படி மாற்றினார்கள். பணம் 45 கோடி டாலர்: மின் நுகர்வோரிடமிருந்து 20, கலிஃபோர்னியா மாநிலக் கடன் பத்திரத்திலிருந்து 25. நிறுவனம் கழன்றுகொள்ளும், இடிக்கும் பொறுப்பு புதிதாக அமைக்கப்பட்ட ஒரு லாபநோக்கற்ற அமைப்புக்குப் போகும்.

கவுண்டியின் கேள்வி இங்கேதான் கூர்மையானது: 45 கோடி போதாவிட்டால்? வேறு சொத்தே இல்லாத அமைப்பு பாதியில் கையை விரித்தால், சேற்றோடு நிற்பது யார்? பழமைவாதிகளின் புலம்பல் என்று இதைப் பலர் தள்ளினார்கள். ஆனால் 2020 ஜூலையில் ஆணையமும் ஏறத்தாழ இதே கவலையோடு, பசிஃபிகார்ப் இணை உரிமதாரராகத் தொடரவேண்டும் என்றது. ஒப்பந்தமே முறியும் நிலை. அந்த நவம்பரில் கலிஃபோர்னியா, ஆரிகன் ஆகிய இரு மாநிலங்களும் நிறுவனத்தின் இடத்தில் இணை உரிமதாரர்களாக வர ஒப்புக்கொண்டன, கூடுதலாக 4.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது, அதற்கு மேல் போனால் இரு மாநிலங்களும் நிறுவனமும் பங்கிடுவார்கள். என் பார்வையில் இது கவுண்டியின் சந்தேகத்துக்குக் கிடைத்த வெற்றி, அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும்.

மற்ற கவலைகள் ஒரே எடையில் இல்லை. பாசனம் போய்விடும் என்ற பயம் பொய். இந்த நான்கு அணைகளிலிருந்து பாசனநீர் போனதே இல்லை. மின்சாரமும் பெரிய இழப்பல்ல, நிறுவனத்தின் உற்பத்தியில் சுமார் 2 சதவீதம். வெள்ளம் கொஞ்சம் உண்மை: அயன் கேட்டுக்குக் கீழே வெள்ள மட்டம் சற்று உயரும் என்று ஆய்வுகளே ஒத்துக்கொண்டன. சிஸ்கியூவிலுள்ள வைரீக்கா நகரின் குடிநீர்க் குழாய் அயன் கேட் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிற்று. இடிக்கும் முன்பே மாற்றிப் பதித்தார்கள். வீட்டு மதிப்புதான் ஆறாத புண். ஏரி போனபின் ஏரிக்கரை வீட்டுக்கு யார் அந்த விலை தருவார்?

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் அணைகளை இடித்தபோது இதைவிடத் தெளிவான ஏற்பாடு இருந்தது. 1992இல் தனிச் சட்டம், அரசே அணைகளை வாங்கியது, இடிக்கும் முன் போர்ட் ஏஞ்சலஸ் நகருக்கு நீர் சுத்திகரிப்பு வசதி. அப்படியும் வண்டல் அடைத்து, நகரத்துக்கும் கூட்டாட்சி அரசுக்கும் சண்டை வந்தது. ஆகவே சட்டம் போட்டாலே எல்லாம் சரியாகும் என்றில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற சண்டை குறையும்.

நான் அந்தக் கவுண்டி மன்றத்தில் இருந்திருந்தால், உரிமம் புதுப்பிக்கும் வழியை 2007இலேயே கைவிட்டு, வரி இழப்புக்கும் வீடுகளுக்கும் பேரம் பேசியிருப்பேன். எதிர்த்துக்கொண்டே இருந்ததில் காலம் போனது. ஆணையம் 2022 நவம்பரில் இறுதி அனுமதி கொடுத்தது. 2024 அக்டோபருக்குள் நான்கும் போயின. அதே மாதம் ஜே.சி. பாயில் இருந்த இடத்தைத் தாண்டி சால்மன் ஆரிகனுக்குள் போய்விட்டது. அதற்கும் மேலே கீனோ அணை நிற்கிறது, இப்போது கூட்டாட்சி நீர்வள அமைப்பின் கையில். அங்கே இடிக்கும் பேச்சு இல்லை. இருக்கிற பழைய மீன் ஏணி சால்மனுக்குப் போதுமா என்பதுதான் பேச்சு.