கார்ட்லெஸ் மைக்கில் சிங்க் பொத்தான்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பட்டிமன்ற மேடை என்று எல்லா இடத்துக்கும் போகும் எட்டு சேனல் யுஎச்எஃப் (மிக உயர்ந்த அதிர்வெண் ரேடியோ அலைவரிசை) செட் இது. ஆறு ஹேண்ட் மைக், இரண்டு காலர் மைக். ஒவ்வொரு மைக்குக்கும், அதன் அலையை வாங்கும் பெட்டியாக ஒரு ரிசீவர். ரிசீவரில் ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் காலியான ஃப்ரீக்வென்சியைத் தேடிப் பிடிக்கும். சிங்க் பொத்தானை அழுத்தினால் அதை அகச்சிவப்புக் கதிர் வழியாக மைக்குக்கு அனுப்பிவிடும்.

பழைய செட் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிரிஸ்டல் வைத்த மைக்கில் தொழிற்சாலை கொடுத்த ஒரே ஃப்ரீக்வென்சிதான். அங்கே இரைச்சல் வந்தால் மைக்கைப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். அடுத்து வந்தவற்றில் பேட்டரி மூடியைத் திறந்து, குட்டி ஸ்க்ரூடிரைவரால் வட்டச் சுவிட்சைத் திருப்பி, ரிசீவரிலும் அதே எண்ணை வைக்க வேண்டும். எட்டு மைக்குக்கு அதைச் செய்தால் எங்காவது ஒன்று மாறிப்போகும். சிங்க் வந்த பிறகு அந்தத் தவறு போய்விட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிசீவரில் இருக்கும் எண்ணை மைக்கில் நகல் எடுப்பதுதான் சிங்க்கின் வேலை. அந்த எண் நல்லதா என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது ஸ்கேன். ஸ்கேனோ, அழுத்திய அந்த நொடியில் காற்றில் இருப்பதை மட்டுமே பார்க்கும். அதனால் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நம் மைக் எல்லாவற்றையும் ஆஃப் செய்ய வேண்டும். மேடையில் மற்றதெல்லாம் ஆனில் இருக்க வேண்டும்: லைட், எல்இடி வால், வீடியோக்காரர்களின் வயர்லெஸ், பாடகர்களின் இயர் மானிட்டர். முதல் ரிசீவரில் குரூப் ஸ்கேன். ஒன்றோடொன்று மோதாதபடி கம்பெனி சேர்த்து வைத்த ஃப்ரீக்வென்சிகளின் தொகுப்புதான் குரூப்; அதில் ஒவ்வொன்றும் ஒரு சேனல். கிடைத்த குரூப் எண்ணையே மற்ற ஏழு ரிசீவரிலும் வைக்க வேண்டும். முதல் மைக்கை சிங்க் செய்து, ஆனிலேயே விட்டு, ரிசீவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது ரிசீவரில் சேனல் ஸ்கேன், சிங்க். இப்படியே எட்டு வரை. முதல் மைக்கை சிங்க் செய்ததும் ஆஃப் செய்தால், அதன் இடம் காலி என்று நினைத்து இரண்டாவது ரிசீவர் அதே ஃப்ரீக்வென்சியைப் பிடிக்கலாம். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்யும் தவறு இதுதான். நிதானமாகச் செய்தால்கூட மொத்தம் பத்து நிமிடம் போதும்.

ஏன் ஒரே குரூப்? 520, 521, 522 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் மூன்று மைக் வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு அலைகள் கலக்கும்போது, ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்த இடத்தில் ஒரு போலி அலை பிறக்கும். 521-இன் இரட்டிப்பு 1042. அதில் 520 போனால் 522. மூன்றாவது மைக்கின் தலையிலேயே வந்து விழுகிறது. மூன்றாவதை 522.6-க்கு நகர்த்தினால் மூன்று மைக்குமே தப்பிக்கும். கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் ஒரு குரூப்பை அமைத்திருக்கிறார்கள். எட்டு ரிசீவரையும் வெவ்வேறு குரூப்பில் வைத்தால் அந்தக் கணக்கு வீண். மைக்குகளை ஒரே மேசையில் ஒன்றோடொன்று உரச அடுக்கினாலும் போலி அலை பலமாகும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

சிங்க் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தச் சின்னக் கறுப்பு ஜன்னல். இந்த ஹேண்ட் மைக்கில் அது பேட்டரி அறைக்குள் இருக்கிறது. கீழ்மூடியைத் திருகி இறக்கினால்தான் தெரியும். வியர்வையும் சந்தனமும் உலர்ந்து அதன் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியால் துடைத்து, ரிசீவரின் ஜன்னலுக்கு நேராகப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் அசையாமல் பிடித்தால் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். திறந்தவெளி மேடையில் நேர் வெயில் அடித்தால் ஏற்காது. உள்ளங்கையால் நிழல் கொடுக்க வேண்டும். ரேக்கில் ரிசீவர்கள் நெருக்கமாக இருந்தால், எந்த ரிசீவரில் சிங்க் அழுத்தினோம், எந்த மைக் அதன் எதிரே இருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். மற்ற மைக்குகளின் மூடி மூடியே இருக்கட்டும். இரண்டு மைக்குமே ஒரே எண்ணை வாங்கிக்கொண்டால், எஃப்எம் ரிசீவர் பலமான சிக்னலை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஆள் திரும்பி நின்றால் இன்னொரு மைக் நடுவில் கர்ரென்று நுழையும். ரிசீவரிலும் மைக்கிலும் ஒரே நிற டேப் ஒட்டி வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

எல்இடி வாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எரியும்போது யுஎச்எஃப் முழுக்க இரைச்சலைக் கிளப்பும். அணைந்திருக்கும்போது ஸ்கேன் செய்தால் எல்லா சேனலும் சுத்தமாகத் தெரியும்; முகூர்த்த நேரத்தில் படம் ஓட ஆரம்பித்ததும் மைக் விட்டு விட்டு வரும். வாலில் வெள்ளைத் திரையைப் போடச் சொல்லி, அதன் பிறகு ஸ்கேன் செய்யுங்கள். ரிசீவரையும் வாலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் ஃப்ரீக்வென்சியைக் கட்டாயம் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம் நாட்டில் 2022 ஏலத்தில் விற்கப்பட்டு, இப்போது 5ஜி அதில் ஓடுகிறது. 758 முதல் 803 வரை டவர் பேசும் இடம்; ஸ்கேனில் அது தெரிந்துவிடும். 703 முதல் 748 வரை செல்போன்கள் பேசும் இடம். இதுதான் ஆளை ஏமாற்றும். காலியான மண்டபத்தில் ஸ்கேன் செய்தால் அமைதியாக இருக்கும். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் இரைச்சல் ஆரம்பிக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த ரேஞ்ச் மைக் வேண்டாம்.

வேறு கம்பெனி மைக்கை இந்த ரிசீவரோடு சேர்க்கப் பார்த்தால், எண் ஒன்றாகவே இருந்தாலும் ஒலி வராது, அல்லது மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். ரிசீவர் எதிர்பார்க்கும் அடையாளத் தொனி வேறு, ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை வேறு.

ஆண்டெனா இரண்டையும் ‘வி’ போல விரித்து வையுங்கள். மாற்று ஆண்டெனா வாங்கினால் நீளம் முக்கியம். 600 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 12.5 சென்டிமீட்டர். பேட்டரி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிது.

சிங்க் முடிந்ததும் மைக்கை லாக் செய்து, மேடையின் நான்கு மூலைக்கும், மண்டப வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே ஒருவர் நடக்க வேண்டும். எட்டு மைக்கும் ஆனில் இருக்கும்போது நடந்து பார்த்தால்தான் அது சோதனை. நிகழ்ச்சி நடக்கும்போது ஸ்கேன் பொத்தானைத் தொடவே கூடாது. தேடி முடிக்கும்வரை அந்த ரிசீவர் ஊமையாகிவிடும். தாலி கட்டும் நேரத்தில் மந்திரம் நின்றுபோனால் அந்தக் குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்காது. ஏழு மைக்கை மேடைக்குக் கொடுத்து, எட்டாவது மைக்கை உதிரியாகக் கையில் வைத்திருங்கள். அதையும் ஆஃப் செய்ய வேண்டாம். ஆனிலேயே வைத்து மிக்ஸரில் மட்டும் மியூட் போடுங்கள். ஆஃப் செய்தால், பின்னால் வரும் கேமராக்காரர் தன் செட்டை ஸ்கேன் செய்யும்போது அந்த இடம் காலி என்று எடுத்துக்கொள்வார்.