வாடகைத் தொலைநோக்கி: வெடிப்பின் ஒளி மங்குமுன் கைக்கு வருமா?

5க்கு 3 நட்சத்திரம். நெபுலா, விண்மீன் கொத்து என்று படம் பிடிக்கிறவர்கள் மேலே படிக்க வேண்டாம், அவர்களுக்கு இது அருமையான சேவை. நான் இணையம் வழியாக இந்தத் தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்தது காமாக் கதிர் வெடிப்புகளின் பின்னொளியைத் துரத்த. தொலைதூர விண்மீன் மண்டலங்களில் நடக்கும் பெரும் வெடிப்புகள் அவை; வெடிப்புக்குப் பின் மிஞ்சி, வேகமாக மங்கிப்போகும் ஒளிதான் பின்னொளி. அந்த வேலையில் பணத்தைவிட நிமிடம்தான் பெரிது.

எச்சரிக்கை வருவதில் குறையே இல்லை. ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைக் கண்டதும், நாசாவின் ஜிசிஎன் என்ற எச்சரிக்கை வலையமைப்பு வழியாகச் சில விநாடிகளில் இடம் வந்துவிடுகிறது. முதலில் சில ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) துல்லியம். எக்ஸ்-கதிர்க் கருவி திரும்பிப் பார்த்ததும் சில ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு). ஃபெர்மி என்ற இன்னொரு செயற்கைக்கோள் மட்டும் பார்த்த வெடிப்பு என்றால் பெரும்பாலும் பல டிகிரி அகல வட்டம்தான் வரும். அதற்கெல்லாம் நான் எழுந்திருப்பதே இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. 'உடனடி குறுக்கீடு' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு அழுத்தினேன். வேறொருவருடைய நீண்ட எக்ஸ்போஷர்கள் முடிந்து, குவியம் சரிசெய்து, என் முதல் படம் வந்தபோது வெடிப்பு நடந்து 47 நிமிடம். இருபது படங்களை அடுக்கியும் 19ஆம் மேக்னிட்யூட் (பொலிவெண்; எண் கூடக் கூட ஒளி மங்கல்) வரை ஒன்றுமில்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்கள் 20.3 என்று அறிவித்திருந்தார்கள். பின்னொளி தோராயமாக நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மங்கும். அப்படிப் பார்த்தால் ஐந்தாவது நிமிடத்தில் அது 17.9 அளவில் இருந்திருக்கும். இந்தக் கருவிக்கு அது வெல்லக்கட்டி! 1999 ஜனவரி 23 அன்று ராட்ஸி-1 என்ற தானியங்கிக் கருவி நான்கே நான்கு டெலிபோட்டோ லென்ஸ்களை வைத்துக்கொண்டு, வெடிப்பு தொடங்கிய 22 விநாடியில் படமெடுக்க ஆரம்பித்து, 9ஆம் மேக்னிட்யூட் வரை ஏறிய ஒளியைப் பிடித்தது. ஆடியின் அகலத்தை விளம்பரப்படுத்துகிற இவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொலைநோக்கி சும்மா இருந்த இன்னொரு இரவில் கதையே வேறு. ஆறாவது நிமிடத்தில் முதல் படம், 17.2. நாற்பதாவது நிமிடத்தில் 19.1. லாக் தாளில் புள்ளிகளைப் போட்டால் நேர்கோடு, சரிவு சுமார் 0.9 (சரியான தலைகீழ் விகிதம் என்றால் 1). அன்றைக்குத் தூக்கம் போனதே தெரியவில்லை. ஃபிட்ஸ் கோப்புகளில் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) நேரமுத்திரை சுத்தம். டார்க், ஃப்ளாட் என்று கேமராவின் குறைகளைத் திருத்த வேண்டிய படங்கள் எல்லாம் கேட்காமலே தருகிறார்கள்.

'அகச்சிவப்பு வசதி' என்று பட்டியலில் போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். இருப்பது ஐ, இசட் ஃபில்டர்கள், அதாவது சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள ஒளியை மட்டும் விடுபவை. சிலிக்கான் சென்சார் 1 மைக்ரான் பக்கம் போனதும் குருடாகிவிடும். தூசி கொஞ்சம் மறைக்கிற வெடிப்புக்கு ஐ உதவும், அவ்வளவுதான். 2009 ஏப்ரல் 23 வெடிப்பின் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகரும் அளவு) 8.2. இடையிலிருந்த ஹைட்ரஜன் கண்ணுறு ஒளியை முழுக்க விழுங்கிவிட, ஜே, ஹெச், கே என்ற அகச்சிவப்புப் பட்டைகளில்தான் அது தெரிந்தது. அதற்கு வேறு வகை டிடெக்டர் வேண்டும். சிலி நாட்டின் லா சியா வானாய்வகத்தில் க்ராண்ட் என்ற கேமரா ஒரே நேரத்தில் ஏழு பட்டைகளில் எடுத்ததெல்லாம் அப்படித்தான்.

குறுக்கீடு பற்றிப் புகார் எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும் பத்து நிமிட எக்ஸ்போஷரை நடுவில் வெட்ட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆனாலும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன், அவர்களிடமுள்ள சின்னத் தொலைநோக்கிக்கு. அதற்கு வரிசையில் ஆளே இல்லை.