சீக்கிரம் வரும் நல்ல சேதி: சீட்டா, பைசாவா?

குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிற ஒருவரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பக்கத்து வீடு, நான் வாத்தியார், அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு நான்தான் துணை. ஜனவரியில் ஜே.இ.இ. வருவதற்குள் சீட் உண்டா இல்லையா என்ற சேதி தெரிந்துவிட்டால் நிம்மதி என்பது அவள் கணக்கு. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "சீட் கிடைக்கும் சரி, பைசா ஆரு குடுப்பா சாரே?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேதி சீக்கிரம் வர இருக்கிற நாலு வழிகளையும் பார்த்தோம்.

முதலில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும். எல்லாவற்றுக்கும் முந்தி வருகிற கெடு இவர்களுடையதுதான்: அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி, நமக்கு இரவு 10.30. யூக்காஸ் என்ற ஒரே படிவம், அதில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் போடலாம். டிசம்பரில் நேர்காணல், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆன்லைனில். ஜனவரியில் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நிபந்தனையோடு வரும், பிளஸ் டூவில் இத்தனை மார்க் எடுத்தால்தான் சீட் என்று. ஆக, மே மாதம் ரிசல்ட் வரும்வரை அது பாதி சேதிதான். ஆக்ஸ்போர்டில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 35,000 பவுண்டுக்கு மேல். இளநிலைக்கு உதவித்தொகை கொஞ்சம்தான், அதுவும் தனியாக அலைந்து வாங்க வேண்டியது. நாகர்கோவிலில் இரண்டு கடை வாடகை வருகிற வீடு என்றால் யோசிக்கலாம்.

அடுத்தது அமெரிக்காவின் எர்லி டிசிஷன். கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல், பிரவுன், டார்ட்மவுத் எல்லாம் இந்த வகை. நவம்பர் 1-ஐ ஒட்டிக் கெடு, டிசம்பர் நடுவில் முடிவு. இது நிச்சயதார்த்தம் மாதிரி: கிடைத்தால் வந்தே தீர வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி என்று மூன்று கையெழுத்து. பென்சில்வேனியா மாதிரி இடங்கள் ஏறக்குறைய பாதி வகுப்பை இந்தச் சுற்றிலேயே நிரப்பிவிடுகின்றன. அதனால் ஆசை காட்டும்.

நான் இங்கேதான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த ஐந்தில் டார்ட்மவுத்தும், அதற்கு அடுத்துப் பிரவுனும்தான் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் சேர்க்கும் கொள்கைக்கு வந்தவை. டார்ட்மவுத் 2022-ல் அறிவித்தது. மற்ற மூன்றிலும் உதவி கேட்கிறோம் என்பதே தராசில் நமக்கு எதிரான ஒரு எடைக்கல். 'அப்படியானால் இப்போது கேட்காமல் விடுவோம், சேர்ந்தபின் கேட்கலாம்' என்று சிலர் தந்திரம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்கவே முடியாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. உதவி போதவில்லை என்று காட்டினால் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுவிப்பார்கள், அது உண்மை. ஆனால் நாலு இடத்து உதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி போய்விடும். ரப்பர் ஷீட்டைக்கூட இரண்டு கடையில் விலை கேட்காமல் போடாத ஊர் இது.

மூன்றாவது வழி, ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போடும் எர்லி ஆக்‌ஷன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு. கெடுவும் முடிவும் அதே நவம்பர், டிசம்பர்தான், ஆனால் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். அமெரிக்காவில் வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு இந்த நவம்பர் முன்சுற்றில் போடக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்குத் தடை இல்லை என்பதால் அக்டோபர் 15-ல் யூக்காஸும் போட்டுவிட்டு இதையும் போடலாம். இந்த நாலில் முதல் மூன்றும் வெளிநாட்டு மாணவரையும் பணம் பார்க்காமல் சேர்ப்பவை, குடும்பத்தால் முடியாததை முழுக்க உதவியாகவே தருபவை. ஸ்டான்ஃபோர்டு அப்படி இல்லை. பெயர் ஒரே வரிசையில் வருகிறதே என்று நினைத்து ஏமாறக்கூடாது.

இதிலும் குறை உண்டு. ஒலிம்பியாட் பதக்கக்காரர்களும் விளையாட்டு வீரர்களும் இந்தச் சுற்றில்தான் குவிகிறார்கள். 'ஆம்', 'இல்லை' தவிர 'டிஃபர்' என்று ஒன்று வரும்: மார்ச் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் மாலை 7 மணிக்கு முடிவு வெளியிட்டால் நமக்கு மறுநாள் காலை 5.30. அவள் அப்பா அந்த நேரத்தில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார்.

நாலாவது, வழக்கமான ஜனவரிச் சுற்று. அதில் சிலருக்கு மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் 'லைக்லி லெட்டர்' வரும், 'இப்படியே படித்தால் சீட் உறுதி' என்ற பொருளில். ஐவி லீக் என்ற எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அனுப்புவது, விளையாட்டு வீரர்களுக்கு அதிகம். விண்ணப்பித்துப் பெற முடியாது, கேட்கவும் முடியாது. வந்தால் லாட்டரி. அதை நம்பித் திட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

அதனால் அவளுக்கு நாங்கள் முடிவு செய்தது மூன்றாவது வழி. முன்சுற்றில் ஒரே ஒரு இடம், பணம் பார்க்காத மூன்றில் ஒன்று. மற்றவை ஜனவரியில். ஆக்ஸ்போர்டை விட்டுவிட்டோம். ஜே.இ.இ.யை விடவில்லை.

உண்மையான தலைவலி படிவத்தில்தான் வந்தது. நிதி உதவிக்கான சி.எஸ்.எஸ். படிவம் வருஷ வருமானம் கேட்கிறது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. வருமான வரித் தாக்கல் என்ற பேச்சே கிடையாது. இ-சேவையில் போட்டுத் தாசில்தார் வருமானச் சான்றிதழ் வாங்கினோம். பிறகு மாதாமாதம் வெட்டு நாள் எத்தனை, கூலி எவ்வளவு என்று அப்பா சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமாக எழுதினாள். ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பருக்கு அவர் சொன்ன எண்கள் மிகச் சின்னவை.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ள சிக்கல். நவம்பர் 1 என்பது 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உள்ளூர் விடுமுறை. மாணவரின் படிவத்துக்கு நம்மூர் நேரம் இரவு 11.59 வரை அவகாசம் உண்டு என்றாலும், பள்ளி அனுப்ப வேண்டிய மார்க் பட்டியலும் பரிந்துரைக் கடிதமும் பூட்டிய ஆபீசுக்குள் இருந்தால் என்ன செய்வது? அதோடு வடகிழக்குப் பருவமழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. தலைமையாசிரியரிடம் அக்டோபர் 25 என்று பொய்க் கெடு சொல்லி வைத்திருக்கிறேன்.