பட்டியலா, பூவா, ஒத்திகையா: பெரிய முடிவில் சிக்கி நிற்பவர்களுக்கு

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கலாமா? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மாதக்கணக்கில் முடிவாகாமல் கிடக்கும் கேள்வி இது. வயது 27, 28 இருக்கும். சென்னையில் ஓரளவு நல்ல சம்பளம். ராத்திரி முழுக்க அதே கணக்கு, விடிந்தால் அதே அலுவலகம். அவர்களிடம் போய் ‘நல்லா யோசிச்சு முடிவெடு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. யோசித்து யோசித்துத்தான் அவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். எந்த வழியில் யோசிப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும். மூன்று வழிகளை இதே கேள்வியின் மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதபோதகராக இருந்தார். ஷெல்பர்ன் பிரபு அவரைத் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டார். போவதா வேண்டாமா என்று பிரீஸ்ட்லி கேட்டதற்கு, லண்டனில் இருந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் செப்டம்பரில் பதில் எழுதினார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் சாதகம், இன்னொரு பக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றுவதையெல்லாம் எழுத வேண்டும். பிறகு சம எடை உள்ளவற்றை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகத்துக்குச் சமம் என்றால் மூன்றையும் அடிக்கலாம். மிஞ்சுவதைப் பார்த்து, இன்னும் ஓரிரு நாள் பொறுத்து, முடிவு. பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். 1774-ல் ஷெல்பர்னின் போவுட் மாளிகையில்தான் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

நம்மில் பலர் இந்த முறையில் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாட்களையும் அடித்தலையும் விட்டுவிடுகிறோம். பத்து நிமிடத்தில் எழுதி, எந்தப் பக்கம் வரி அதிகம் என்று எண்ணுகிறோம். பி.எஃப்., இ.எம்.ஐ., மருத்துவக் காப்பீடு என்று வேலையின் பக்கம் தானாக நீளும். ‘இந்த வேலையில் மனசு ஒட்டவில்லை’ என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரி எதிர்ப்பக்கத்தின் ஆறு வரிகளுக்குச் சமமாக இருக்கலாம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்’ என்று சாதகத்தில் எழுதுகிறோமே, அது வெறும் யூகம். தாளில் ஏறியதும் உண்மை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்துச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் இதற்கு ஒப்பான ஒன்றைச் செய்து பார்த்தார். முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் அவருடைய இணையதளத்துக்கு வந்து நாணயம் சுண்டினார்கள். 20,000 முறைக்கும் மேல் நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய கேள்விகளும் அவற்றில் இருந்தன. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, மாற்றத்தின் பக்கம் போனவர்கள் பழையபடியே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 2021-ல் இந்த ஆய்வு ஆய்விதழில் வெளியானது.

இதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. நாணயம் சுண்டும் அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தவர்களின் கதை அது. அப்படிப்பட்டவர்கள் மாற்றத்துக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள் என்ற அளவில் எனக்கு அது பெரிய ஆறுதல். நாணயத்துக்கு இல்லாத ஒரு நன்மையும் பூவுக்கு உண்டு. குடும்பமே சந்நிதியில் நிற்கிறது, அதனால் நாளைக்கு ‘உன்னாலதான்’ என்று யாரும் யாரையும் கைகாட்ட முடியாது. ஆனால் தேர்வு தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாத ஒருவருக்குப் பூ எதையும் சொல்லித் தராது.

மூன்றாவது ஒத்திகை. என் ஓட்டு இதற்குத்தான். சிக்கி நிற்பவர்களில் பெரும்பாலானோருக்குக் குறைவது துணிச்சல் என்கிறார்கள். எனக்கென்னவோ தகவல்தான் குறைகிறது என்று படுகிறது. சென்னையில் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மூன்று மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையிலிருந்து அங்கே உட்காருங்கள். யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வென்றால், பழைய முதல்நிலைத் தேர்வுத் தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து இரண்டு மணி நேரத்தில் எழுதிப் பாருங்கள். யுபிஎஸ்சிக்கு விண்ணப்பித்துவிட்டு எழுதப் போகாவிட்டால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. ஒரு தாள் எழுதினாலும் வந்துவிடும். அதனால் இந்தப் பரீட்சையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கூடவே சம்பளத்துக்கும் ஒத்திகை வேண்டும். வேலையை விட்டால் மாதம் எவ்வளவில் ஓட்ட வேண்டியிருக்குமோ, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நண்பன் கல்யாணத்துக்கு மொய் வைக்கவும் அம்மா கேட்கும்போது கொடுக்கவும் முடியாத மாதம் எப்படி இருக்கும் என்பதைப் பட்டியல் ஒருநாளும் சொல்லாது.

ஒத்திகையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முடிவைத் தள்ளிப்போட அதுவே நல்ல சாக்காகிவிடும். யுபிஎஸ்சியில் பொதுப்பிரிவுக்கு 32 வயது வரை, 6 முயற்சி வரை. ஓபிசிக்கு 35 வயது வரை, 9 முயற்சி வரை. இந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டே இருக்கிறது. எனவே கடைசித் தேதியையும், எவ்வளவு மதிப்பெண் வந்தால் ‘சரி, வேலையை விடலாம்’ என்பதையும் தொடங்கும் அன்றே எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தெரிந்தவர்களைக் கேட்பது என்று இன்னொரு வழியும் உண்டு. ஜெயித்தவரிடம் மட்டும் கேட்டால் பயனில்லை. பயிற்சி மையத்து பேனரில் இருப்பதெல்லாம் தேர்ச்சி பெற்ற முகங்கள். மூன்று வருடம் படித்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

என் வரிசை இதுதான்: முதலில் ஒத்திகை, அதில் தெரிந்துகொண்டதை வைத்துப் பட்டியல், அப்புறமும் இரண்டும் சமமாக நின்றால் பூ. வெளிநாட்டு வேலைக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது போன்ற இடங்களில் ஒத்திகைக்கு நேரமில்லை. அங்கே பட்டியலும், அந்த நிறுவனத்தில் சமீபத்தில் வேலை பார்த்த ஒருவருடன் ஒரு மணி நேரப் பேச்சும்தான் துணை.

விடுவது என்று முடிவாகிவிட்டால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நாலரை வருடம் முடித்தவர் இன்னும் ஆறு மாதம் பொறுத்தால், படிக்கும் காலத்துக்கு அந்தப் பணம் கைகொடுக்கும்.