3,850 வெள்ளி போச்சு: டயர், அப்சார்பர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன். போனது 3,850 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

என்னிடம் இருப்பது சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்று) புதுப்பித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், டொயோட்டா 86. ஓட்டியவர்களுக்குத் தெரியும், இந்தக் கார் வந்தபோதே 215 அகலத்தில் மிஷெலின் பிரைமசி டயர்தான் போட்டு வந்தது. சொகுசுக் காருக்குப் போடுகிற ரகம். பிடிப்பு குறைவாக இருந்தால் கொஞ்ச வேகத்திலேயே வால் ஆடும், ஓட்டுகிறவனுக்கு அது விளையாட்டு என்று கணக்கு. எனக்கு அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். கொட்டுகிற மழையில் மண்டாய் ரோட்டு வளைவைப் பயமில்லாமல் தாண்ட வேண்டும், எப்போதாவது மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனால் மானம் போகக்கூடாது. நான்கு நல்ல டயர் வாங்கத்தான் போனேன்.

கடைப் பெயரைப் போடவில்லை, வழக்குக்குப் போகப் போகிறேன். தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடியில், ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே நடத்துகிற ஒர்க்‌ஷாப். பழைய சாமான் விற்கிற செயலியில் விளம்பரம் பார்த்துப் போனேன். முதலாளி நம்ம ஆள். "வாங்கண்ணே, ஈசூன் பக்கமா? நானும் அங்கதான் வளர்ந்தேன்" என்று தேத்தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்தான். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி அவன் நடத்திய பாடத்தில். ஓர் அட்டைப் பெட்டி மூடியைக் கிழித்து மார்க்கரால் வரைந்தான். "சும்மா காரை இறக்கினா நல்லா ஓடும்னு நினைக்காதீங்கண்ணே. இதுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் வகை சஸ்பென்ஷன். ரொம்ப இறக்கினா கீழ் ஆர்ம் சாய்மானம் மாறிடும், வளைவுல கேம்பர், அதான் சக்கரத்தோட உள்சாய்வு, கிடைக்காது, டயர் வெளி ஓரத்துல மட்டும் நிக்கும். முன்னாடி ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமா இருந்தா மூக்கு திரும்பாம நேரா ஓடும், பின்னாடி இறுக்கினா வால் முந்தும். பின்னாடி சஸ்பென்ஷன் முழுசா அமுங்கி பம்ப் ஸ்டாப்ல, அதான் கடைசித் தடுப்பு ரப்பர்ல, போய் இடிச்சதுன்னா, அந்த நிமிஷமே வால் வெட்டும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "டயர் மட்டும் மாத்தினா பாதி வேலைதான்ணே" என்றான்.

கேட்டால் சிரிப்பீர்கள், அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், எதிலும் பிசகில்லை. அதனால்தான் நம்பினேன். இவ்வளவு தெரிந்தவன் என்னை ஏன் ஏமாற்றப் போகிறான்?

புது காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கும் அப்சார்பரும் சேர்ந்தது) செட் 2,200, டயர் நான்கு 1,200, கூலியும் சக்கரக் கோணம் சரிசெய்கிற அலைன்மென்ட்டும் 450. மொத்தம் 3,850 வெள்ளி. பேநவ்வில் (வங்கிச் செயலி வழியாக) முழுசாக அனுப்பிவிட்டுத்தான் காரையே விட்டேன். ரசீதில் "சஸ்பென்ஷன், டயர் வேலை" என்று ஒரே வரி. அதையும் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

எடுத்து வந்த மூன்றாம் நாள் மழை. விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், வேகம் ஐம்பதுகூட இருக்காது, சாலையில் ஒரு சின்ன ஒட்டு. அதில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் போனது. தடுப்புக்கம்பிக்கும் எனக்கும் ஒரு முழம்.

மறுநாள் கார் பார்க்கில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரில் ரப்பர் முடிகூட உதிரவில்லை, தடம் முழுசாக இருக்கிறது. ஆனால் தேதி எண் உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறது. நான்கு எண்கள்: 3417. அதாவது 2017ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். என் மகள் மழலை பேசிய காலத்து ரப்பர், அவள் இப்போது தொடக்கநிலை நான்கு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும், ஈரத்தில் முதலில் காட்டிக்கொடுக்கும். நகத்தால் அழுத்தினேன், நகக்குறியே பதியவில்லை.

சின் மிங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வேறோர் அங்கிளிடம் காரைத் தூக்கிக் காட்டினேன். இடது பின் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. இறுக்கம் மாற்றுகிற குமிழைத் திருகினார், 'கிளிக்' சத்தமே இல்லை, சும்மா சுற்றுகிறது. நீலப் பெயின்ட்டைச் சுரண்டினார், அடியில் துரு. மரைக்குள்ளேயும் பெயின்ட். "செகண்ட் ஹேண்ட் லா" என்று மட்டும் சொன்னார். பின் சக்கரம் ஒன்று வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறதாம், வால் ஆடாமல் என்ன செய்யும்? அவன் கொடுத்த அலைன்மென்ட் தாளை எடுத்துப் பார்த்தால், மூலையில் உள்ள தேதி நான் காரை விட்டதற்குப் பதினோரு நாள் முன்னால். யாருடைய காரோ!

போன் போட்டேன். முதல் தடவை: "கொஞ்சம் ஓட்டுங்கண்ணே, செட் ஆயிடும்." இரண்டாம் தடவை கடைப் பையன்: "பாஸ் ஜொகூர் பாரு போயிருக்காரு." நேரில் போனேன். "நீங்க டிராக்ல போட்டு அடிச்சிருப்பீங்க, அதுக்கு வாரண்டி கிடையாது." மூன்று நாளில் எந்த டிராக்? புதுசு என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்கிறான். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. தேத்தாரிக் கொடுத்த அண்ணன் தம்பிப் பாசமெல்லாம் 3,850 வெள்ளி கைமாறும் வரைதான்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. டயரை மாட்டும் முன் தேதி எண்ணைப் படம் எடுங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ரசீதில் 'புதியது' என்ற சொல்லும் மாடல் எண்ணும் இருக்கட்டும். அலைன்மென்ட் தாளில் தேதி பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம்) 5,000 வெள்ளி வரை கேட்க நமக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். திங்கட்கிழமை நான் போடுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் மாற்றியிருக்கிறான். 86க்குப் புது காயில்ஓவர் செட் வந்திருக்கிறதாம், சலுகை விலையாம். படத்தில் அதே நீலப் பெயின்ட்.